“போனா போகட்டுமே டீச்சர், நமக்கென்னங்க?” – எட்டாம் வகுப்பில் வந்த கேள்வி

வகுப்பறை ஜன்னல்:
எல்லோருக்கும் வணக்கம். பவானிசாகர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நடுநிலைப் பள்ளி ஆசிரியை நான். எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். போன வாரம் பல்லுயிர்ப் பாதுகாப்புப் பாடம். அழியும் நிலையில் இருக்கிற உயிரினங்களைக் கரும்பலகையில் வரிசையாக எழுதினேன். நம் ஊருக்கு மேலேயே மோயாற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கிறதே என்று பிணந்தின்னிக் கழுகு என்கிற பாறு கழுகையும் சேர்த்து எழுதிச் சொன்னேன். கடைசி வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, “போனா போகட்டுமே டீச்சர், நமக்கென்னங்க?” என்று கேட்டான்.

வகுப்பே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. அவன் வீட்டில் மாடு, எருமை எல்லாம் சேர்த்துப் பதினைந்து உருப்படி. அவனுடைய அப்பாரு காட்டோரம் பட்டி போட்டு மேய்க்கிறவர். அவன் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். “உணவுச் சங்கிலி அறுந்துவிடும்” என்றேன். “அறுந்தா என்ன ஆகுங்க?” என்றான். “இயற்கையின் சமநிலை கெட்டுவிடும்” என்றேன். சரிங்க டீச்சர் என்று உட்கார்ந்துவிட்டான்.

அவன் உட்கார்ந்த விதம் ஒரு வாரமாக மனதை விட்டுப் போகவில்லை. நான் சொன்ன இரண்டு பதிலும் அவனுடைய புத்தகத்திலேயே இருக்கிற வரிகள். படித்துவிட்டுத்தான் கேட்டிருக்கிறான். பதினேழு வருஷமாகப் பாடம் நடத்துகிறேன், இந்த ஒரு கேள்விக்கு என்னிடம் சொந்தமாகப் பதில் இல்லை. நீங்கள் என்றால் என்ன சொல்வீர்கள்?

மழைக்குருவி:
எங்கள் பள்ளியில் மே 22 பல்லுயிர் நாளை ஒட்டி, பள்ளி திறந்ததும் ஜூனில் ஓவியப் போட்டி, பேச்சுப் போட்டி வைக்கிறோம். சூழல் மன்றப் பிள்ளைகள் ஊர்வலம் போவார்கள். நல்ல விழிப்புணர்வு வருகிறது டீச்சர். செய்து பாருங்களேன்.

வகுப்பறை ஜன்னல்:
செய்தோம் அக்கா. போன வருஷம் முதல் பரிசு வாங்கிய படத்தில் பனிக்கரடி இருந்தது. இரண்டாம் பரிசுப் படத்தில் பாண்டா. நன்றாகத்தான் வரைந்திருந்தார்கள். ஆனால் நாற்பது படத்தில் ஒன்றில்கூட எங்கள் ஊர்க் காட்டில் இருக்கிற உயிர் கிடையாது. யானை தினமும் அணைக்குத் தண்ணீர் குடிக்க வருகிற ஊர் இது.

தொழுவம்:
அம்மா, நான் ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர். உங்கள் மாணவன் கேட்ட கேள்விக்குப் பதில் அவன் வீட்டுத் தொழுவத்திலேயே இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அவனிடம் ஒன்று கேளுங்கள்: “உங்க வீட்டு மாடு செத்தா எங்கே போடுவீங்க?” நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஊருக்கு வெளியே இழுத்துப் போட்டுவிட்டு வருவார்கள். தோலை உரித்துக்கொண்டு போனபிறகு பாறுகள் இறங்கும். ஒரு பெரிய கூட்டம் இறங்கினால் ஒரு மணி நேரத்துக்குள் எலும்புதான் மிச்சம். நாற்றம் கிடையாது, ஈ கிடையாது. அவற்றின் இரைப்பை அமிலம் அவ்வளவு வீரியமானது. அழுகிய இறைச்சியில் இருக்கிற பல கிருமிகள் அதைத் தாண்டுவதில்லை. எந்த ஊராட்சியும் சம்பளம் கொடுக்காமல் நடந்த வேலை இது.

1990களில் டைக்ளோஃபெனாக் மாட்டுக்கும் வந்தது. வலிக்கும் வீக்கத்துக்கும் நல்ல மருந்து, விலையும் குறைவு. காலை ஊன்ற முடியாமல் கிடந்த மாடு சாயங்காலம் எழுந்து நிற்கும். மாட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிடுவார். நானும் போட்டிருக்கிறேன், நூற்றுக்கணக்கான மாட்டுக்கு. ஊசி போட்டு ஓரிரு நாளில் அந்த மாடு செத்துப்போனால் மருந்து உடம்பிலேயே தங்கியிருக்கும் என்பதும், அந்த இறைச்சியைத் தின்கிற பாறுக்குச் சிறுநீரகம் செயலிழக்கும் என்பதும் அன்று எங்கள் யாருக்கும் தெரியாது. செத்த பாறு ஒன்றைக் கீறிப் பார்த்தால் ஈரல்மேலும் இதயத்தின்மேலும் சுண்ணாம்பு தடவியதுபோல வெள்ளையாகப் படிந்திருக்கும். வெளியேற வேண்டிய யூரிக் அமிலம் உள்ளேயே உறைந்துபோவது அது.

ராஜஸ்தானில் பரத்பூர் கேவலாதேவ் பூங்காவில் பாறுகள் கழுத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பதையும், கூடுகள் காலியாவதையும் முதலில் கவனித்து எழுதியவர் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் விபு பிரகாஷ். வைரஸ் காய்ச்சலாக இருக்குமோ என்று பல வருஷம் தேடினார்கள். 2004இல்தான் பாகிஸ்தானில் நடந்த ஆய்விலிருந்து காரணம் டைக்ளோஃபெனாக் என்று உறுதியானது. 2006இல் கால்நடைக்கு அதைப் பயன்படுத்த நம் நாட்டில் தடை வந்தது. அதற்குள் வெண்முதுகுப் பாறு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் போய்விட்டது. வானத்தில் கோடிக்கணக்கில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு பறவை, ஒரு பிள்ளை பிறந்து பத்தாம் வகுப்பு முடிக்கிற காலத்துக்குள் காணாமல் போனது.

பாறு இல்லாத இடத்தில் செத்த மாடு அப்படியே கிடந்து அழுகும். நாய் பெருகும். நாய் பெருகினால் வெறிநாய்க்கடியும் பெருகும். தண்ணீரும் கெடும். பாறு இருந்த மாவட்டங்களையும் ஆதியிலிருந்தே குறைவாக இருந்த மாவட்டங்களையும் ஒப்பிட்டுப் பொருளாதார அறிஞர்கள் இருவர் செய்த ஆய்வு 2024இல் வெளியானது. 2000 முதல் 2005 வரையிலான ஆண்டுகளில் மட்டும், பாறு போனதால் சுமார் 5 லட்சம் மனிதர்கள் கூடுதலாக இறந்திருக்கிறார்கள் என்பது அவர்கள் கணக்கு.

நமக்கென்ன என்று கேட்ட பிள்ளையிடம் இந்தக் கதையை அப்படியே சொல்லுங்கள். ஒரு மருத்துவர் தன் கையால் ஊசி போட்ட கதை என்றும் சொல்லுங்கள்.

கழுக்குன்றத்தான்:
மருத்துவர் ஐயா எழுதியதைப் படித்ததும் தொண்டை அடைத்துவிட்டது. எனக்குச் சொந்த ஊர் திருக்கழுக்குன்றம். பட்சி தீர்த்தம் என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். மத்தியானப் பூசை முடிந்ததும் பண்டாரம் மலைமேல் பாறையில் சர்க்கரைப் பொங்கலை வைத்துக்கொண்டு உட்காருவார். வேன் வேனாக வந்தவர்கள் இரண்டு கழுகுகளுக்காக வெயிலில் காத்திருப்பார்கள். நான் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். வெள்ளை உடம்பு, மஞ்சள் முகம், சிறகு விளிம்பில் கறுப்பு. இரண்டும் இறங்கி, கோழி நடப்பதுபோல நடந்து வந்து, தட்டிலிருந்து கொத்தித் தின்னும். தின்றபிறகு அலகைப் பாறையில் இப்படியும் அப்படியும் துடைக்கும். அந்தத் துடைக்கிற சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

காசியில் குளித்து, இங்கே உண்டு, ராமேஸ்வரத்தில் அடைகிற முனிவர்கள் என்று பாட்டி சொல்வாள். 1990களின் கடைசியோடு அவை வருவது நின்றுபோனது. ஊரில் பாவம் பெருகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். பின்னாளில்தான் அவை மஞ்சள்முகப் பாறு என்கிற இனம் என்று தெரிந்துகொண்டேன். அந்த இரண்டுக்கும் என்ன ஆனது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அதே வருஷங்களில் அந்த இனமும் நாடு முழுக்கச் சரிந்திருக்கிறது.

எதற்குச் சொல்கிறேன் என்றால், ஊரின் பெயரிலேயே கழுகு இருக்கிறது, இன்றைக்கு அங்கே பிறக்கிற பிள்ளை அதைப் பார்த்ததில்லை. இதையும் உங்கள் மாணவர்களிடம் சொல்லுங்கள் டீச்சர். கணக்கும் புள்ளிவிவரமும் எனக்குத் தெரியாது. எனக்கு அந்த அலகு துடைக்கிற சத்தம் வேண்டும், அவ்வளவுதான்.

வகுப்பறை ஜன்னல்:
மருத்துவர் ஐயா, கழுக்குன்றத்து அண்ணா, இரண்டு பேருக்கும் நன்றி என்ற சொல் போதாது. ஐயா, எனக்கு ஒரு சந்தேகம். எல்லா மாட்டுக்குமா ஊசி போட்டோம்? கொஞ்சம் மாட்டுக்குத்தானே? அதற்குப் பாறு முழுக்க எப்படிப் போனது? பிள்ளைகள் கட்டாயம் இதைக் கேட்பார்கள்.

தொழுவம்:
சரியான கேள்வி அம்மா. செத்துக் கிடந்த மாடுகளில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவானதில் மருந்து இருந்தாலே இந்த அளவு சரிவுக்குப் போதும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு மாட்டில் ஒரே நேரத்தில் பத்து இருபது பறவை உட்காருகிறது, மூன்று நாளைக்கு ஒரு தரமாவது தின்கிறது. ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் அந்த மாடு வாய்க்கும். வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும் என்பதால் ஈடுகட்டவும் முடியாது.

சுழியம்:
கணக்கு ஆசிரியன் என்ற முறையில் உள்ளே வருகிறேன். இதை வகுப்பில் கையால் செய்து காட்டலாம். ஒரு மஞ்சள்பையில் 200 புளியங்கொட்டை போடுங்கள். ஒன்றுக்கு மட்டும் சிவப்புச் சாயம். ஐந்து பிள்ளைகள் ஒரு பாறுக் கூட்டம். ஒவ்வொரு தடவை கையை விட்டு எடுப்பதும் ஒரு செத்த மாடு. எடுத்ததைத் திரும்பப் போட்டுக் குலுக்க வேண்டும். மூன்று நாளுக்கு ஒரு தீனி என்றால் வருஷத்துக்கு 120 தடவை. சிவப்பு வந்தால் கூட்டமே உட்கார வேண்டும்.

200க்கு ஒன்று என்றால் கேட்பவருக்கு ஒன்றுமே இல்லை என்று தோன்றும். ஆனால் 120 தடவையும் தப்பிப்பதற்கு வாய்ப்பு 55 விழுக்காடுதான். நூறு பறவையில் தொடங்கினால் முதல் வருஷ முடிவில் 55, அடுத்து 30, அடுத்து 16, அப்புறம் 9, ஐந்தாம் வருஷம் 5. பத்தாம் வகுப்புக்கு நிகழ்தகவு நடத்தும்போது இனி பகடையை விட்டுவிட்டு இதைத்தான் நடத்தப் போகிறேன்.

மேட்டுக்காடு:
மன்னிக்கணுங்க, நான் மாற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். தாளவாடி மலையில் விவசாயம். மக்காச்சோளம் கதிர் பிடிக்கும்போது காட்டுப்பன்றி இறங்கினால் ஒரு ராத்திரியில் அரை ஏக்கர் படுத்துவிடும். யானை வந்தால் வாழை கணக்கில்லை. போன வருஷம் சினைக் கிடாரி ஒன்றைப் புலி அடித்தது. நிவாரணம் கைக்கு வர எட்டு மாதம் ஆனது, அதுவும் பாதி விலை.

என் மகளும் எட்டாம் வகுப்புதான். பகலில் பள்ளிக்கூடத்தில் ‘வனவிலங்குகளைக் காப்போம்’ என்று கட்டுரை எழுதிவிட்டு வருகிறாள். ராத்திரி என்னோடு பரண்மேல் உட்கார்ந்து தகரத்தைத் தட்டுகிறாள். இரண்டையும் ஒரே பிள்ளைதான் செய்கிறாள். உங்கள் பாடத்தில் அந்தப் பரண் எங்கே இருக்கிறது? அதைச் சொல்லாமல் பல்லுயிர் வேண்டும் என்று சொன்னால், வேண்டும் என்பவர்கள் தூங்குகிறார்கள், நாங்கள் விழித்திருக்கிறோம் என்றுதான் அந்தப் பிள்ளைக்குத் தோன்றும்.

வகுப்பறை ஜன்னல்:
அண்ணா, நீங்கள் மன்னிப்புக் கேட்கவே தேவையில்லை. என் வகுப்பில் பாதிப் பேர் அந்தப் பரணிலிருந்து வருகிறவர்கள். காலை முதல் பீரியடில் தூங்கிவிழும் பிள்ளையை நான் திட்டியிருக்கிறேன். இனி கேட்டுவிட்டுத்தான் பேசுவேன். அந்தக் கட்டுரைத் தலைப்பையும் மாற்றப் போகிறேன். ‘எங்கள் தோட்டத்துக்கு ராத்திரி வருகிறவர்கள்’ என்று கொடுத்தால் நாற்பது பேரும் ஒரே கட்டுரை எழுத மாட்டார்கள்.

தொழுவம்:
மேட்டுக்காடு தம்பி சொன்னதை ஒதுக்கிவிட்டால் பாறுக் கதையே பாதியில் நின்றுவிடும். புலி மாட்டை அடித்துப் பாதி தின்றுவிட்டுப் போகும். அடுத்த நாள் திரும்ப வரும் என்று மாட்டுக்காரனுக்குத் தெரியும். வயிற்றெரிச்சலில் அந்த உடல்மேல் குருணை மருந்தைத் தூவிவிடுகிறவர்கள் உண்டு. புலியும் சாகும், தின்ன இறங்கிய பாறுக் கூட்டமும் சாகும். மோயாற்றுக் கரையில் நீர்மருது மரங்களில் கூடு கட்டுகிறவற்றையும் சேர்த்து, தென்னிந்தியாவுக்கே மிச்சம் சில நூறு பறவைகள்தான். ஒரே மாட்டின் விஷத்தில் இருபது போனால் அதை ஈடுகட்டப் பல வருஷம் ஆகும்.

ஆகவே, நிவாரணம் எட்டு மாதம் தாமதமாவதும் பாறு சாவதும் ஒரே கயிற்றின் இரண்டு முனை. நிவாரணம் எட்டு நாளில் வந்திருந்தால் குருணையை எடுக்க அவன் கை போகாது. பிள்ளைகளுக்கு இதைத் தாராளமாகச் சொல்லலாம். பதிமூன்று வயதுப் பிள்ளைக்கு இது புரியும்.

மேட்டுக்காடு:
ஐயா சொன்னது சரிங்க. எனக்கும் அந்த நினைப்பு வந்தது. வீட்டில் மருந்து இருந்தது. செய்யவில்லை, அவ்வளவுதான் சொல்வேன்.

நாற்றங்கால்:
திருவாரூர் மாவட்டத்திலிருந்து எழுதுகிறேன். காடு, கழுகு எல்லாம் எங்களுக்குத் தூரம். எங்கள் பக்கத்துப் பிள்ளைக்கு இதைச் சொல்ல நெல் போதும்.

1970களில் ஆசியா முழுக்க நெல்லில் புல்தழைக் குட்டை நோய் வந்தது. புகையான் பூச்சி பரப்புகிற வைரஸ் அது. பிலிப்பைன்ஸில் இருக்கிற பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளை நோய்க்கு ஆட்படுத்திப் பார்த்தார்கள். தாக்குப்பிடித்தது ஒரே ஒரு மாதிரி. நம் உத்தரப் பிரதேசத்தில் எடுத்த காட்டுநெல். மணி சின்னது, முற்றினால் தானாக உதிர்ந்துவிடும், எந்த விவசாயியும் வயலில் விட்டுவைக்காத களை. அதன் எதிர்ப்புச் சக்தியைச் சேர்த்துத்தான் ஐஆர் 36 போன்ற ரகங்கள் வந்தன. அந்த ஒரு பிடிக் காட்டுநெல்லை யாரோ ஒருவர், எதற்கு ஆகும் என்று தெரியாமலேயே, உறையில் போட்டு எடுத்து வைத்திருந்தார்.

ஆதிரெங்கத்து நெல் ஜெயராமன் அவர்கள் செய்ததும் அதுதான். இரண்டு கிலோ விதை கொடுப்பார், அடுத்த வருஷம் நான்கு கிலோவாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நூற்றுக்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்கள் அப்படிப் பிழைத்தன. 2018இல் அவர் போய்விட்டார், விதை போகவில்லை. காட்டுயானம், பூங்கார், கருங்குறுவை, மாப்பிள்ளைச் சம்பா என்று பத்துக் கதிரைக் கொண்டுபோய்ப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். கறுப்பு உமி, சிவப்பு உமி, மூக்கு நீண்டது, மீசை வைத்தது. நெல் என்றால் ஒன்றுதான் என்று நினைத்திருந்த பிள்ளை, கதிரைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும். களர்ப்பாலை உவர் மண்ணிலும் வரும் என்று சொல்லிவிட்டு, ‘நம்ம நிலத்தில் உப்பு ஏறினால் எதை விதைப்பாய்?’ என்று கேளுங்கள்.

கருநொச்சி:
எல்லோரும் மனதில் பட்டதை எழுதுகிறீர்கள், நானும் எழுதுகிறேன். பாறு போனால் நமக்கு நோய் வரும், காட்டுநெல் போனால் நமக்குச் சோறு போகும் என்கிறோம். உண்மைதான். ஆனால் இப்படியே சொல்லிக்கொடுத்தால், நமக்கு ஒரு பயனும் இல்லாத உயிர் வந்து நிற்கும்போது பிள்ளை என்ன செய்யும்?

எங்கள் பக்கம் கடவூர் மலை. தேவாங்கு இருக்கிற இடம். கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரை 2022இல் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தார்கள். அதற்கு முன்னால் இரண்டு தலைமுறையாக அது பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. மாந்திரீகத்துக்கு என்று பிடித்தார்கள், கண்ணுக்கு மருந்து என்று பிடித்தார்கள். ஒல்லியான பிள்ளையைப் பார்த்தால் “தேவாங்கு மாதிரி இருக்கே” என்று திட்டுகிற வழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. பூச்சி தின்னும், உழவனுக்கு நண்பன் என்று சொல்லலாம். நான் என் வகுப்பில் அப்படித் தொடங்குவதில்லை. ராத்திரி கிளுவை வேலியில் டார்ச் அடித்தால் இரண்டு பெரிய கண் தணல் மாதிரித் திரும்பிப் பார்க்கும். ஒரு கையால் கிளையை விட்டு இன்னொரு கையால் பிடிக்க அது எடுத்துக்கொள்கிற நேரம் இருக்கிறதே, மூச்சை அடக்கிக்கொண்டு பார்ப்போம். பார்த்துவிட்டு வந்த எந்தப் பிள்ளையும் “இதனால் நமக்கென்ன?” என்று கேட்டதில்லை. திட்டுவதற்கு அந்தச் சொல்லை எடுப்பதையும் விட்டுவிட்டார்கள்.

சுழியம்:
கருநொச்சி அக்கா, எல்லாப் பிள்ளைக்கும் கடவூர் மலை வாய்க்காது. எங்கள் பள்ளி ஈரோட்டில் சாயப்பட்டறைத் தெருவுக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே பயன் என்கிற வாசல் வழியாகத்தான் நுழைய முடிகிறது.

கருநொச்சி:
நுழையுங்கள் சார், வேண்டாம் என்று சொல்லவில்லை. வாசலிலேயே நின்றுவிடக் கூடாது என்கிறேன். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடியைப் பாருங்கள். கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் கண்மாய்ப் பறவைகளுக்காகப் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு நல்ல உரம் என்பது அவர்களுக்கும் தெரியும். ஆனால் கேட்டால் முதலில் அதைச் சொல்ல மாட்டார்கள். “குஞ்சு பயந்துபோகும்ல” என்பார்கள்.

ஆற்றோரம்:
ஊர்க்கோடியில் அத்திமரம் இருக்கிறதா டீச்சர்? உங்கள் பக்கம் வாய்க்கால் ஓரமெல்லாம் இருக்குமே. இருந்தால் வேறு எதுவும் வேண்டாம்.

அத்தி பூத்தாற்போல என்கிறோம். அத்தி வருஷத்துக்குப் பல தடவை பூக்கிறது, பூ வெளியே தெரியாது, அவ்வளவுதான். காய் என்று நாம் நினைப்பதுதான் பூங்கொத்து. நூற்றுக்கணக்கான பூ உள்பக்கமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அடியில் ஊசிமுனைத் துளை ஒன்று உண்டு. எள்ளைவிடச் சின்னக் குளவி ஒன்று அந்தத் துளையில் நுழையும். நுழையும்போதே சிறகு பிய்ந்துவிடும். உள்ளே மகரந்தத்தைத் தடவிவிட்டு, முட்டையிட்டு, அங்கேயே செத்துப்போகும். பிறக்கிற ஆண் குளவிக்குச் சிறகே கிடையாது. அது பெண்ணோடு கூடி, வெளியே போகச் சுவரைக் குடைந்து வழி பண்ணிக் கொடுத்துவிட்டுச் சாகும். பெண்கள் மகரந்தத்தைச் சுமந்துகொண்டு அந்த வழியாகப் பறந்துபோய் அடுத்த மரத்தைத் தேடும்.

அத்திக்கு ஒரு குளவி, ஆலுக்கு ஒரு குளவி, அரசுக்கு ஒரு குளவி. தன்னுடைய குளவி போய்விட்டால் அந்த மரம் விதையில்லாத மரம். மற்ற மரம் காய்க்காத மாதத்திலும் பழம் கொடுப்பது இந்தக் குடும்பம்தான், வௌவால், கிளி, இருவாச்சி, குரங்கு எல்லாம் இதை நம்பித்தான்.

‘அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு’ என்ற பழமொழி பிள்ளைகளுக்குத் தெரியும். அருவருப்பாகச் சொல்வார்கள். பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு குறிப்பு: சிவந்த பழத்தில் குளவி பெரும்பாலும் வெளியேறியிருக்கும். பச்சை வெளிறி, அழுத்தினால் மெத்தென்று இருக்கிற காயைப் பறியுங்கள்.

வகுப்பறை ஜன்னல்:
பதினைந்து நாள் கழித்து வருகிறேன். மாதத் தேர்வு நடுவில் வந்துவிட்டது.

முதலில் புளியங்கொட்டை. ஆறு கூட்டம் பிரித்தோம். இருபதாவது தடவையிலேயே ஒரு கூட்டத்துக்குச் சிவப்பு வந்துவிட்டது. “ஏ, பார்த்து எடுடா” என்று மற்றவர்கள் கத்த ஆரம்பித்தார்கள். பார்த்து எடுக்க முடியாது, பாறுக்கு இறைச்சியின் நிறத்தை வைத்து ஒன்றும் தெரியாது என்றேன். 120 முடிவதற்குள் மூன்று கூட்டம் உட்கார்ந்துவிட்டது. மீதி மூன்று கூட்டமும் இரண்டாவது வருஷம் ஆட மாட்டோம் என்றார்கள். ஆடித்தான் ஆக வேண்டும் என்றேன். கடைசியில் ஒரே கூட்டம். அதற்கப்புறம்தான் மருத்துவர் ஐயாவின் கதையை அவர் எழுதியபடியே வாசித்தேன். ஊசி போட்டவர் எழுதியது என்றதும் வகுப்பு அமைதியாகிவிட்டது. ஒரு பெண் மட்டும், “அவருக்குத் தெரிஞ்சப்ப எப்படி டீச்சர் இருந்திருக்கும்?” என்று கேட்டாள்.

அத்தி, வாய்க்கால் பாலத்துக்குப் பக்கத்தில் இருந்தது. ஆளுக்கு ஒரு காய். பிளேடை நான் வைத்துக்கொண்டு வெட்டிக் கொடுத்தேன். முதல் மூன்று காயில் ஒன்றுமில்லை, பால்தான் வடிந்தது. நான்காவதை வெட்டியதும் அந்தப் பெண்ணின் உள்ளங்கையில் புகைபோலக் கறுப்பாக ஏதோ எழுந்தது. கையை உதறப் போனாள். “உதறாதே, உதறாதே” என்று எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள். ஒவ்வொன்றும் வந்து, விரல் ரேகைமேல் நின்று, முன்காலால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அப்புறம் பறந்தது. லென்ஸ் ஒன்றுதான் இருந்தது, நாற்பது பேரும் வரிசையில் நின்று பார்த்தார்கள். கருநொச்சி அக்கா, நீங்கள் சொன்ன அந்த மூச்சடக்கலை நானும் பார்த்தேன். இதனால் என்ன பயன் என்று ஒருவரும் கேட்கவில்லை. இது பறந்து எவ்வளவு தூரம் போகும், அடுத்த அத்தி எங்கே இருக்கிறது என்றுதான் கேட்டார்கள். இப்போது ஊரில் எத்தனை அத்திமரம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். இதுவரை ஒன்பது.

மேட்டுக்காடு அண்ணா, புதுத் தலைப்பில் வந்த கட்டுரைகளை இன்னும் திருத்தவில்லை. வாசிக்கத்தான் முடிகிறது, சிவப்பு மை போட மனம் வரவில்லை.

என்னைக் கேள்வி கேட்ட பையன் இத்தனை நாளும் பெரிதாக எதுவும் பேசவில்லை. நேற்று இடைவேளையில் வந்தான். டவுசர் பையிலிருந்து ஒரு குட்டிப் பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தான். தொழுவத்து எரவாணத்தில் செருகி வைத்திருந்ததாம். பாதி மருந்து இருக்கிறது. லேபிள் கிழிந்திருந்தது. ஆங்கில எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டி, “கீட்...டோ...புரோ...ஃபென்” என்று படித்துவிட்டு, “இது அந்த மருந்துங்களா டீச்சர்? எங்க அப்பாரு போன மாசம் எருமைக்குப் போட்டாருங்க” என்றான்.

ஐயா, அவனுக்கு நான் என்ன சொல்லட்டும்?

தொழுவம்:
அம்மா, அது டைக்ளோஃபெனாக் இல்லை, ஆனால் அதைப் போலவே பாறுகளைக் கொல்லக் கூடியது. 2023 ஜூலையில் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் இரண்டையும் கால்நடைக்குத் தயாரிக்கவும் விற்கவும் தடை போட்டாயிற்று. பழைய இருப்பாக இருக்கும். அவன் அப்பாருவைக் குறை சொல்ல வேண்டாம், கடையில் கொடுத்ததை வாங்கியிருப்பார்.

எருமை நலமாக இருக்கிறது என்றால் கவலையில்லை. போட்ட மருந்து சில நாளில் உடம்பை விட்டுப் போய்விடும். இனி வீக்கத்துக்கும் வலிக்கும் மெலாக்சிகாம் கேட்டு வாங்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் டோல்ஃபெனமிக் அமிலம். இரண்டும் பாறுக்குத் தீங்கில்லை என்று சோதித்துப் பார்த்தவை. மாட்டுக்கும் நன்றாகக் கேட்கும். ஊசி போட்ட மாடு ஒரு வாரத்துக்குள் செத்தால் வெளியே போடாமல் ஆழமாகக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். பாட்டிலைக் குப்பையில் போடவோ மருந்தைக் கீழே ஊற்றவோ வேண்டாம். பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கொடுத்துவிடட்டும். உற்பத்தித் தேதி தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், எந்தக் கடையில் வாங்கியது என்றும் கேட்டுச் சொல்லட்டும்.

வகுப்பறை ஜன்னல்:
தேதி இருந்த இடம் கிழிந்துபோயிருக்கிறது ஐயா. மெலாக்சிகாம் என்பதைத் தமிழில் பெரிதாக எழுதிக் கேட்டான், எழுதிக் கொடுத்தேன். அப்பாருவுக்குக் கண் சரியாகத் தெரியாதாம். சனிக்கிழமை அவரோடு மருந்தகத்துக்குப் போகிறான்.